நிறைகுடம் வைத்துத் தோற்ற கதை

தலைவரே,

நம் லயத்து வரிசை வீட்டுச் சுவரில் அடித்த சுண்ணாம்பு மலைப் பனியில் இன்னும் காயவில்லை. காலையில், கொழுந்தெடுக்கிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நான் பிள்ளை மடுவத்துக்குக் கிளம்பும்போது முந்தானை உரசி, தோள் முழுக்க வெள்ளை. தட்டினாலும் போகவில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சுண்ணாம்பு வாசனை வந்தால் தைப்பொங்கல், உங்களுக்குக் கமிட்டி. யாரோ பெரிய ஆட்கள் வரப்போகிறார்கள், உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள், எழுதப்போகிறார்கள் என்று உங்கள் முகமே மாறிவிடும். முன்பக்கச் சுவருக்கு மட்டும்தான் நிர்வாகம் வெள்ளையடிக்கிறது என்று நான் முணுமுணுப்பேன். "அதையாவது செய்றாங்களே புள்ள" என்பீர்கள்.

இந்த முறையும் முன்பக்கம் மட்டும்தான். போன வாரம் கமிட்டி வந்துவிட்டுப் போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டே, "புதுசா ஒரு கமிட்டி போட்டிருக்காங்களாம் புள்ள, இந்த வாட்டி சரியா வரும்" என்று சொன்னீர்களே, அதே கமிட்டிதான். நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? எனக்குக் கோபமாக வருகிறது. நீங்கள் என்னைக் கட்டின நாளிலிருந்து என் கோபத்துக்குப் பழகின மனிதர், அதனால் அடக்காமலே சொல்கிறேன்.

முதல் கமிட்டி வந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. தோட்டத்து ஜனங்களுக்குக் குடிதண்ணீர் எப்படிக் கிடைக்கிறது என்று ஆராய்ந்து அறிக்கை கொடுக்க அமைச்சு போட்ட குழு அது. எந்த எந்தப் பிரிவுக்குக் குழாய் போடுவது என்பதை அந்த அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள் என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னீர்கள். நம் மேற்பிரிவுக்கும் வருகிறார்கள் என்று தெரிந்ததும் உங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. தோட்டத் தலைவராக இருந்த இத்தனை வருஷத்தில், தோட்டத்துத் துரையைத் தேடிப் போயிருக்கிறீர்கள், தொழிற்சங்கத்தைத் தேடிப் போயிருக்கிறீர்கள், உங்களைத் தேடி யாரும் மலையேறி வந்ததில்லை.

நமக்குத் தண்ணீர் என்றால் பீலிதான். தேயிலைக்குள் இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் போனால், பாறையில் செருகின தகரத்தின் வழியே ஒழுகும். மழை பெய்தால் கலங்கல், வெயில் அடித்தால் சொட்டு. மேலே உரம் போட்ட வாரத்தில் அதன் வாடையும் சேர்ந்து வரும். நம் வாசலில் நின்றால் கீழே மஸ்கெலியா நீர்த்தேக்கம் கண்ணுக்கெட்டின தூரம் கிடக்கிறது. அந்தத் தண்ணீர் லக்ஸபானைக்கும் பொல்பிட்டியவுக்கும் போய் ஊருக்கெல்லாம் கரண்டு கொடுக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பீலிக்கு இறங்குகிறோம்.

இதைக் கமிட்டியிடம் சொன்னால் போதும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நீங்கள் மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் எல்லாரையும் கூட்டிவைத்து, கூடவே இன்னொன்றும் சொன்னீர்கள்.

"தண்ணிக் கஷ்டத்த நான் எடுத்துச் சொல்லிக்கிறேன். ஆனா வர்றவங்க நம்ம விருந்தாளிங்க. மொத மொதல்ல நம்மளத் தேடி வர்றாங்க. ஒவ்வொரு வாசல்லயும் நெறகொடம் இருக்கணும். மூளி வாசல்ல அவங்கள நிக்க வெக்கக் கூடாது."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. கல்யாணம் என்றாலும், சாமி ஊர்வலம் என்றாலும், மதிப்பான ஆள் வந்தாலும் வாசலில் நிறைகுடம் வைப்பது நம் வழக்கம். வைக்காவிட்டால்தான் கை அரிக்கும். ஹட்டனிலிருந்து மாவிலை வாங்கி வந்தார்கள். மாசி மாத வெயில், பீலி சொட்டுகிற காலம். பெண்கள் அரைநாள் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நின்று, ஏறி இறங்கி, ஏறி இறங்கித் தண்ணீர் கொண்டுவந்தோம். குடம் இல்லாத வீட்டில் பிளாஸ்டிக் வாளிக்கு மஞ்சள் பூசி வைத்தார்கள். வந்தவர்கள் கால் கழுவ வேண்டும் என்று நீங்கள் சொன்னதால் வாசலுக்கு வாசல் ஒரு வாளி வேறு. எங்கள் இடுப்பு ஒடிந்துபோனது, ஆனால் பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

கமிட்டிக்குத் தலைமை தாங்கி வந்தவர் நரைத்த தலையும் மெதுவான பேச்சுமாக நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஒவ்வொரு குடத்தின் முன்னாலும் நின்று கும்பிட்டார், படம் எடுக்கச் சொன்னார். பிறகு மடுவத்தில் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து நீங்கள் பேசினதைக் கேட்டார்கள். பீலியைப் பற்றி, வெயில் காலத்தைப் பற்றி, என் மடுவத்துப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் கண் மஞ்சளாவதைப் பற்றி நிறுத்தி நிதானமாகச் சொன்னீர்கள். நன்றாகத்தான் பேசினீர்கள். பீலியை வந்து பாருங்கள் என்றும் கூப்பிட்டீர்கள். மத்தியானம் நுவரெலியாவில் இன்னொரு கூட்டம் இருக்கிறது, பாதையும் சறுக்கும் போலிருக்கிறது என்றார்கள்.

"பரவால்லீங்க ஐயா, நீங்க வந்ததே பெருசு" என்று சொல்லி மாலை போட்டு அனுப்பினீர்கள்.

வந்ததே பெரிதா? அப்போதே எனக்குச் சுரீர் என்றது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா? நீங்கள் வேன் திரும்பி மறைகிறவரை கையசைத்துக்கொண்டு நின்றீர்கள்.

அறிக்கை வெளிவர நீண்ட நாளானது. ஹட்டனில் சங்கத்து ஆபீசிலிருந்து ஒரு பிரதி கொண்டுவந்தீர்கள். நீங்கள் சொன்னதெல்லாம் மக்கள் இவ்வாறு தெரிவித்தார்கள் என்று ஒரு மூலையில் இருந்தது. அவர்கள் கண்ணால் கண்டது முன்னால் இருந்தது. மேற்பிரிவில் எல்லா வீட்டு வாசலிலும் போதிய தண்ணீர் சேமித்து வைக்கப்பட்டிருந்ததாம், அதை அவர்கள் நேரில் அவதானித்தார்களாம். சாட்சிக்கு ஒரு படம். நம் வீட்டு வாசல், நான் தூக்கிவந்து வைத்த குடம்.

பிரிவுகளை மூன்று விதமாகப் பிரித்திருந்தார்கள். உடனே தண்ணீர் வேண்டியவை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவை, தேவை நிறைவேறியவை. நாம் மூன்றாவதில் இருந்தோம். அமைச்சு அந்தப் பிரிவினையை அப்படியே எடுத்துத் தன் கொள்கை என்று போட்டுக்கொண்டது. அதற்குப் பிறகு யார் எந்தக் கதவைத் தட்டினாலும் மேற்பிரிவுக்குத் தண்ணீர் இருக்கிறது என்பதுதான் பதில். கீழ்ப்பிரிவுக்காரர்கள் கமிட்டி வந்த அன்றைக்கு அதைக் கண்டுகொள்ளாமல் கொழுந்து பறிக்கப் போய்விட்டார்கள். அவர்கள் வாசலில் காலி வாளிகள்தான் உருண்டு கிடந்தன. அவர்களுக்குக் குழாய் வந்துவிட்டது.

"நல்லா வெச்சீங்க நெறகொடம்!" என்று நான் கத்தினேன். லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.  அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சாப்பாட்டைப் போட்டு வைத்தேன், கை வைக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். மறுநாளே சட்டையை இஸ்திரி போடச் சொல்லி, "அரசாங்கக் கச்சேரிக்குப் போயி பெரிய ஆபீசருங்ககிட்ட சொல்லிப் பாக்குறேன். சொல்ற விதமாச் சொன்னாக் கேப்பாங்க" என்றீர்கள். அந்த வார்த்தை உங்கள் வாயில் எப்போதும் இருந்தது. எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல்.

ஹட்டனில் ரயிலேறி, நானுஓயாவில் இறங்கி, வேன் பிடித்து நுவரெலியாக் கச்சேரிக்குப் போனோம். உங்களுக்குக் கோபப்படத் தெரியாது, அதற்கு ஒரு ஆள் வேண்டும் என்றுதான் நான் கூட வந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையான ஆள், தமிழிலேயே பேசினார். அறிக்கையைப் புரட்டிப் பார்த்தார். நாம் சொல்வது நியாயம்தான் என்றும் ஒப்புக்கொண்டார்.

"ஆனா குழு கலைஞ்சிருச்சு ஐயா. அறிக்கைய மாத்துற அதிகாரம் அந்தக் குழுவுக்கு மட்டுந்தான்."

"அப்ப அவங்களத் திருப்பிக் கூப்புடலாங்களா?" என்று கேட்டீர்கள்.

"கலைஞ்ச குழுவக் கூப்புட முடியாதுங்களே. இன்னொரு குழு போட்டாத்தான்."

நான் குறுக்கே விழுந்தேன். "அப்ப செத்தவங்க எந்திரிச்சு வந்துதான் திருத்தணுமா சேர்?"

நீங்கள் மேசைக்கு அடியில் என் கையை அழுத்தினீர்கள். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, செய்ய ஒன்றுமில்லாதவரின் சிரிப்பு. திரும்பி வரும்போது நானுஓயா ஸ்டேசனில் பனி மூடிக் கிடந்தது, ரயில் தாமதம். பெஞ்சில் உட்கார்ந்து, "அவங்க சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்கு புள்ள. ஆளாளுக்கு அறிக்கைய மாத்த ஆரம்பிச்சா என்னாகுறது?" என்று எனக்கே விளக்கம் சொன்னீர்கள். ஹட்டன் வரும்வரை நான் உங்களோடு பேசவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனை படி ஏறினீர்கள்! பிரதேச சபைக்குப் போனால் தோட்டத்துக்குள் நாங்கள் குழாய் போட முடியாது, நிர்வாகத்தைக் கேளுங்கள் என்றார்கள். நிர்வாகம், குடியிருப்பு விஷயம் அமைச்சுடையது என்றது. அமைச்சுக்கு எழுதினால் உங்கள் பிரிவின் தேவை நிறைவேறிவிட்டது என்று பதில் வந்தது. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து, அங்கே யார் எவ்வளவு மரியாதையாகப் பேசினார்கள், யார் தேத்தண்ணி கொடுத்தார்கள் என்று சொல்வீர்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் அண்ணாந்து கூரைத் தகரத்தைப் பார்ப்பீர்கள். அந்தக் குடத்தை வைக்கச் சொன்னவர் நீங்கள் என்பது உங்களை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். நீங்கள் வாய் திறந்து சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கத்திக்கொண்டு மட்டும் இருந்தேன்.

அந்த வருஷம் நம் லயத்துப் பிரதீபாவின் மகளுக்குக் காமாலை வந்தது. மடுவத்தில் என் மடியிலேயே வளர்ந்த பிள்ளை. கண் மஞ்சளாகி, வாயில் ஒன்றும் தங்காமல் துவண்டு கிடந்தது. ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். பிரதீபா வேலையை விட்டுவிட்டாள். சுகாதாரத்துக்காரர்கள் வந்து தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து விறகு பொறுக்குவதும் என் வேலையானது. இன்றைக்கும் எந்தப் பிள்ளை சோர்ந்து படுத்தாலும் முதலில் கண் இமையைத்தான் விலக்கிப் பார்க்கிறேன்.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். கமிட்டி வருகிறது என்றதும் பெண்கள் எல்லாரும் குடத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நம்புவீர்களா? மஞ்சள் கூட அரைத்துவிட்டார்கள். நான் ஒவ்வொரு வாசலாகப் போய்க் குடங்களை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுச் செல்லம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"தலைவர் உசுரோட இருந்தா வாசல இப்படி மூளியா விட்டிருப்பாரா?"

"அவரு வெக்கச் சொன்னதுனாலதான் இன்னும் பீலிக்கு எறங்குறோம்" என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே அந்த வார்த்தை சுட்டது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது உண்மைதானே? செல்லம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு குடத்தை உள்ளே கொண்டுபோனாள்.

வேனில் வந்தவர்களுக்கு ஒரு அம்மா தலைமை. யாழ்ப்பாணத்துப் பேச்சு. தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா குடை பிடிக்க மடுவத்துக்குள் வந்து உட்கார்ந்தார்கள். நான் பேச ஆரம்பித்ததும் அந்த அம்மா கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக் குழம்பினார்.

"இந்தப் பிரிவுக்குத் தண்ணி இருக்கெண்டுதானே முந்தின அறிக்கையில இருக்கு. போட்ட குழாயள் எப்பிடி வேலை செய்யுதெண்டு பாக்கத்தான் நாங்கள் வந்தனாங்கள். கீழ்ப்பிரிவு முடிஞ்சுது. நேரம் இருந்தபடியால் மேலயும் ஒருக்கா எட்டிப் பாப்பம் எண்டு..."

எட்டிப் பார்க்க வந்திருக்கிறார்கள், தலைவரே. நீங்கள் கடைசி மூச்சில் நம்பிக்கொண்டிருந்த கமிட்டிக்கு நம்மைப் பற்றி விசாரிக்கிற வேலையே இல்லை. நீங்கள் இருந்திருந்தால் அப்போதும் கும்பிட்டிருப்பீர்கள். 

கண்டாக்கையா பேச்சை மாற்ற, "தேத்தண்ணி ரெடியா?" என்று என்னைக் கேட்டார்.

"தண்ணி இல்லீங்க" என்றேன். "பீலிக்குப் போயி எடுத்தாரணும். நீங்களும் கூட வந்தீங்கன்னா ஆளுக்குக் கொஞ்சமாத் தூக்கிட்டு வந்துறலாம். அப்பறமா ஊத்தித் தாறேன்."

கேத்தலில் கொதிக்க வைத்த தண்ணீர் இருந்தது. அது பிள்ளைகளுடையது. தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஆட்களைப் பார்த்துத் தேத்தண்ணி கிடையாது என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். செல்லம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். கண்டாக்கையா, "வேன்ல சோடா இருக்கு மேடம், கொண்டாரச் சொல்றேன்" என்று பதறினார்.   பிறகு அந்த அம்மா எழுந்து, மூலையில் இருந்த ஒரு கேனைக் கையில் எடுத்தார்.

வேனில் வந்தவர்களில் பாதிப்பேர்தான் இறங்கினார்கள். மற்றவர்கள் போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதையில் அந்த அம்மாவுக்குச் சறுக்கி, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டார். காலில் அட்டை ஏறியது, நான் பிடுங்கிப் போட்டேன். பீலியில் பிடித்த கேன் பாதி நிறையவே நெடுநேரம் ஆனது. தண்ணீரைக் கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதையே பிள்ளையளுக்குக் குடுக்கிறீங்கள்?"

"கொதிக்க வெச்சுத்தாங்க குடுக்குறேன். விறகு இல்லாத அன்னைக்கு என்ன செய்றதுன்னு நீங்கதான் சொல்லணும்."

 அந்த அம்மா அரைக் கேனைத் தூக்கிக்கொண்டு, நின்று நின்று மூச்சு வாங்கி மேலே ஏறினார். மடுவத்துக்கு வந்து நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நல்ல சாயமாகத்தான் கொடுத்தேன், உங்கள் மானத்தை அவ்வளவுக்கு வாங்கவில்லை.

அவர் சுற்றி வளைக்காமல் பேசினார், அதற்காக அவரை மதிக்கிறேன். பழைய அறிக்கையைத் திருத்துவது அவர்கள் குழுவுக்குக் கொடுத்த பொறுப்பில் இல்லையாம். தான் கண்டதை எழுதுவாராம், ஆனால் எழுதினது எங்கே போய் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாதாம். செய்யக்கூடியது ஒன்று இருக்கிறதாம். மேற்பிரிவுக்கென்று ஒரு தண்ணீர்க் கண்காணிப்புக் குழு அமைக்க இப்போதே பரிந்துரைக்கலாம். அந்தக் குழு கூடிப் பேசி அனுப்புகிறதைப் பிரதேச செயலகம் வாங்கியே ஆக வேண்டும், பதிலும் சொல்லியாக வேண்டும். தோட்டத்துப் பக்கம் கண்டாக்கையா, பிரதேச சபையிலிருந்து ஒரு ஆள், நம் ஜனங்களில் சிலர்.

கமிட்டி வந்து, கமிட்டியின் அறிக்கையைப் பார்த்து, இன்னொரு கமிட்டி போட்டிருக்கிறது! கரண்டியை வீசியெறியலாமா என்றிருந்தது எனக்கு.

"தலைவி ஆர்?" என்று கேட்டார். செல்லம்மாதான் என்னைக் கைகாட்டினாள், என்னோடு முகம் கொடுத்துப் பேசாத செல்லம்மா. எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். கமிட்டி என்ற பேச்சை எடுத்தாலே உங்களைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த நான், குட்டிக் கதிரையில் உட்கார்ந்து ஒரு கமிட்டிக்குத் தலைவியாகிவிட்டேன். நீங்கள் பார்த்திருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லயம் லயமாகச் சொல்லப் போயிருப்பீர்கள்.

ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். கூட்டம் ஆபீசில் கிடையாது, பீலியில்தான். முடிந்ததும் வந்தவர்கள் எல்லாரும், ஆபீசர் என்றாலும் சரி, ஆளுக்கொரு கேன் மேலே தூக்கிவர வேண்டும்.

"பாதை சறுக்குமே" என்றார் கண்டாக்கையா.

"எங்களுக்கும் சறுக்குதுங்க" என்றேன். அந்த அம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

முதல் கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று அங்கே இருந்துகொண்டு சந்தோஷப்படாதீர்கள். துளிகூட வரவில்லை. துக்கம் கேட்டு வருகிறவர்கள் இன்னமும் உங்கள் பொறுமையைத்தான் சொல்லிச் சொல்லி ஆறுதல்படுகிறார்கள். அதை உங்களோடு சேர்த்துப் புதைத்தாகிவிட்டது. எனக்கு மிஞ்சினது உங்கள் வேலையும் என் கோபமும்தான். தண்ணீர் வரும்வரை இரண்டையும் கீழே வைக்கமாட்டேன்.